பீங்கானுக்குப் பதில் மைக்கா: 500 வாட் ஹீட் கன் கூடு கட்டும் முறை

சூடான காற்றை ஊதும் ஹீட் கன் கைதவறி விழுந்தால் மோட்டார் பெரும்பாலும் தப்பிவிடும். உடைவது உள்ளே நிக்ரோம் சுருளை, அதாவது சூடேறும் கம்பியை, தாங்கியிருக்கும் பீங்கான் கூடு. அதே அளவில் மாற்றுக் கூடு கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அடுத்த முறை விழும்போது திரும்பவும் அதே கதைதான். எடை இன்னொரு தொல்லை. 40 மி.மீ. அகலம், 90 மி.மீ. நீளம், 3 மி.மீ. தடிமன் உள்ள இரண்டு ஸ்டீட்டைட் (ஒரு பீங்கான் ரகம்) தகடுகளைப் பெருக்கல் குறி போலக் கோத்தால் அதுவே 58 கிராம். அதைச் சுற்றி 3 மி.மீ. சுவரோடு 100 மி.மீ. நீளக் குழாய் போட்டால் இன்னொரு 112 கிராம். இதே வடிவத்தை 0.5 மி.மீ. மைக்கா போர்டிலும் 0.3 மி.மீ. மைக்கா ஷீட்டிலும் செய்தால் மொத்தமே 17 கிராம்தான்.

இதில் அடர்த்தியின் பங்கு சிறியது. ஸ்டீட்டைட் கன செ.மீ.க்கு 2.7 கிராம், மைக்கா போர்டு 2.1 கிராம். தடிமனில்தான் எடை குறைகிறது. பீங்கானை அரை மில்லிமீட்டருக்கு வார்த்தால் விரல் பட்டாலே நொறுங்கும். மைக்கா வளைந்து கொடுக்கும்.

எரிந்தால் என்ன மிஞ்சும்?

மாற்றுப் பொருள் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை டிகிரி தாங்கும்?" என்று. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: தாங்காமல் போனால் அது கரியாகுமா, சாம்பலாகுமா? கரி மின்சாரத்தைக் கடத்தும். சாம்பலும் சிலிக்காவும் காய்ந்திருக்கும்வரை கடத்தாது. ஃபேன் நின்று போவதோ, தூசி அடைத்துக் காற்று குறைவதோ இந்தக் கருவியில் என்றாவது ஒருநாள் நடக்கத்தான் செய்யும். அந்த இரண்டு நிமிடத்தில் பொருள் எதுவாக மாறுகிறது என்பதை வைத்துத்தான் ரிப்பேரா, விபத்தா என்று சொல்ல முடியும்.

இந்தக் கேள்வியிலேயே கழிந்துபோகும் முதல் பொருள் ஹைலம் ஷீட். பழைய பேனல் போர்டுகளிலிருந்து எளிதாகக் கிடைக்கும், ரம்பத்தில் அழகாக அறுபடும், 120 டிகிரி வரை ஒழுங்காக இருக்கும். ஆனால் அது ஃபீனாலிக் பிசினும் காகிதமும் சேர்ந்தது. டெர்மினல் ஸ்க்ரூ ஒன்று லூசாகிச் சூடானால், இரண்டு ஸ்க்ரூக்களுக்கு நடுவே கறுப்புக் கோடு ஒன்று உருவாகும். அந்தக் கோடு வழியாகக் கரண்ட் பாயும், பாய்ந்த சூட்டில் கோடு இன்னும் அகலமாகும். ஃபியூஸ் போகும் அளவுக்குக் கரண்ட் ஏறாமலே போர்டு முழுதும் கருகிவிடும். எலக்ட்ரானிக்ஸ் போர்டுகளுக்குரிய கண்ணாடி இழை எப்பாக்சி ஷீட்டும் இதே இனம். இழை கண்ணாடிதான், ஆனால் நடுவிலுள்ள எப்பாக்சி சாதாரண ரகத்தில் 130, 140 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், மீறினால் கரிதான். அதே நெய்த கண்ணாடித் துணியில் எப்பாக்சிக்குப் பதில் சிலிக்கோன் பிசின் போட்ட லேமினேட் 220 டிகிரிக்கு நிற்கும், எரிந்தாலும் வெண்மையாகவே எரியும். ஷீட் வாங்கும்போது இழை என்ன என்பதோடு பிசின் என்ன என்றும் கேட்கவேண்டும்.

கேப்டன் (Kapton) டேப் பாலிஇமைடு பிளாஸ்டிக் படலம். 1.4 அடர்த்தி, 25 மைக்ரான் படலமே ஏழு கிலோவோல்ட் வரை தாங்கும், 260 டிகிரிக்குப் பழுதில்லை. பேப்பரில் பார்த்தால் இதற்கு மிஞ்சி ஒன்றுமில்லை. நடைமுறையில் உலோக விளிம்பில் இருக்கும் ஒரு சின்னப் பிசிர் அந்தப் படலத்தைக் குத்திவிடும். விலை குறைந்த டேப்பில் பசை படலத்துக்கு முன்பே தோற்கும். வயர் கட்டவும், சூடு அளக்கும் தெர்மோகப்பிள் ஒட்டவும் வைத்துக்கொள்ளலாம், கூடு கட்ட ஆகாது.

டெஃப்லானும் 260 டிகிரி ரகம்தான். அதன் குறை வேறு: அழுத்தத்தில் மெல்ல மெல்லப் பிதுங்கி ஓடும். ஸ்க்ரூவுக்கு அடியில் டெஃப்லான் வாஷர் போட்டு இறுக்கினால் சில சூடு-குளிர்ச்சிச் சுற்றுகளில் வாஷர் மெலிந்து நட்டு லூசாகிவிடும். லூஸ் ஜாயின்ட் என்றால் சூடு. 350 டிகிரிக்கு மேல் போனால் வெளிவரும் புகை நுரையீரலுக்குக் கெடுதல். சூடான கம்பியின் பக்கமே இதைக் கொண்டுபோகக் கூடாது.

மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் லெதராய்ட் பேப்பர், மைலர் இரண்டும் இந்தச் சூட்டுக்கு அல்ல. நோமெக்ஸ் என்ற சூடு தாங்கும் இழைத் தாள் 220 டிகிரி வரை நல்ல பொருள், ஆனால் ஈரத்தை இழுக்கும். ஃபேன் பக்கத்து வயரிங்குக்கு அது போதும்.

செராமிக் ஃபைபர் பிளாங்கெட்டையும் சிலர் சொல்வார்கள். 1260 டிகிரி கிரேடு, கன மீட்டருக்கு 128 கிலோதான், பஞ்சு மாதிரி. உலைக்கு அது ராஜா. காற்று ஊதும் குழாய்க்குள் வைத்தால் இழையைப் பிய்த்து எதிரே நிற்பவர் முகத்தில் ஊதும். அந்த இழை புற்றுநோய் தரக்கூடிய பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. ஹீட் கன்னுக்குள் வேண்டவே வேண்டாம். பழைய டோஸ்டர், பழைய இஸ்திரிப் பெட்டிகளில் சாம்பல் நிறத்தில் உதிரும் அட்டை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சுரண்டாமல், ஊதாமல் அப்படியே மூடி ஒதுக்குவது நல்லது.

மிஞ்சுவது மைக்கா. காக்காய்ப்பொன் என்றும் அப்பிரகம் என்றும் சித்த மருந்துக் கடையில் சொல்லும் அதே கனிமம். ஜார்கண்டின் கோடர்மாவும் ஆந்திரத்தின் கூடூரும் இதற்குப் பேர்போன ஊர்கள். இப்போது கடையில் கிடைக்கும் போர்டு வெட்டியெடுத்த முழுத் தகடு அல்ல; தூளாக்கித் தாளாக்கி, சிலிக்கோன் பிசினில் அழுத்தியது. இதில் இரண்டு ரகம். வெள்ளி நிறமுள்ள மஸ்கோவைட் தொடர்ந்து 500 டிகிரி. பச்சை கலந்த பொன்னிறமுள்ள ஃப்ளோகோபைட் தொடர்ந்து 700 டிகிரி. நிறத்தை மட்டும் நம்பவேண்டாம், கேட்டு வாங்கவேண்டும். கம்பி நேரடியாகத் தொடும் கூட்டுக்கு ஃப்ளோகோபைட், வெளிச் சுற்றுக்கு மஸ்கோவைட் போதும்.

வயர்மேல் மாட்டும் காப்புக் குழலான ஸ்லீவ் வாங்கும்போது அடுப்புச் சோதனை உதவும். கண்ணாடி இழை ஸ்லீவில் அக்ரிலிக் பூசியது (எஃப் கிளாஸ், 155 டிகிரி), சிலிக்கோன் பூசியது (ஹெச் கிளாஸ், 180 டிகிரி) இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஐந்து செ.மீ. துண்டை இடுக்கியில் பிடித்து, வெட்டவெளியில் கேஸ் நெருப்பில் ஒரு நிமிடம் காட்டவும். சிலிக்கோன் என்றால் வெள்ளைப் பொடி மிஞ்சும். மற்றதில் முதலில் கறுப்பு ஏறும். ஆறிய பிறகு 500 வோல்ட் மெக்கரின் (மின்காப்பை அளக்கும் கருவி) இரண்டு முனைகளையும் ஒரு செ.மீ. இடைவெளியில் அதன்மேல் வைத்தால் கரி தன்னைக் காட்டிக்கொடுக்கும். டெஃப்லானையும் பி.வி.சி.யையும் இப்படிக் கொளுத்திப் பார்க்கக் கூடாது. இரண்டின் புகையும் விஷம்.

கம்பிக் கணக்கு

230 வோல்ட்டில் 500 வாட் என்றால் 2.17 ஆம்பியர், 106 ஓம். 80/20 நிக்ரோம் சூடாகும்போது ரெசிஸ்டன்ஸ் ஐந்து சதவீதம் வாக்கில் ஏறும். அதனால் குளிர்ந்த நிலையில் 101 ஓம் வேண்டும். 30 கேஜ் கம்பி 0.315 மி.மீ. விட்டம், மீட்டருக்கு 14 ஓம். 7.2 மீட்டர் சரியாக வரும். முனைகளுக்குச் சேர்த்து 7.6 மீட்டராக வெட்டிக்கொள்ளவும்.

இந்தக் கம்பியின் மேற்பரப்பு 71 சதுர செ.மீ. அப்படியானால் ஒரு சதுர செ.மீ.க்கு 7 வாட். ஓடும் காற்றில் இது இயல்பான சுமை. நிற்கும் காற்றில் கம்பி சிவந்து எரிந்துவிடும். மலிவு என்று இதைவிட மெல்லிய கம்பியை எடுத்தால் நீளமும் குறையும், விட்டமும் குறையும். மேற்பரப்பு இரண்டு வகையிலும் அடிபடும். ஒரே வாட்டுக்கு 30 கேஜிலிருந்து 34 கேஜுக்குப் போனவர்கள் கம்பியை மாற்றிக்கொண்டேதான் இருப்பார்கள்.

காற்று எவ்வளவு? 500 வாட் சூடு காற்றை 200 டிகிரி உயர்த்த நிமிடத்துக்கு 125 லிட்டர் ஓட்டம் தேவை. புளோயர் லேபிளில் போட்டிருக்கும் அளவு எதிர்ப்பே இல்லாத இடத்தில் எடுத்தது. குழாயும் சுருளும் வந்தபின் அதில் பாதிதான் கையில் வரும் என்று வைத்துக்கொண்டு, 250 லிட்டர் லேபிள் உள்ளதாக எடுப்பது பாதுகாப்பு.

கூடு வெட்டுதல்

0.5 மி.மீ. ஃப்ளோகோபைட் போர்டில் 40 × 90 மி.மீ. துண்டுகள் இரண்டு. ஸ்டீல் ஸ்கேலை வைத்து இரண்டு பக்கமும் கத்தியால் நான்கைந்து முறை கீறி ஒடிக்கவும். ஒரே பக்கம் கீறி ஒடித்தால் மறுபக்கம் ஏடு ஏடாகப் பிரிந்து வரும். காடி போடும்போதும் இதே ஆபத்து. அதனால் இரண்டு துண்டுகளையும் 3 மி.மீ. பிளைவுட் துண்டுகளுக்கு நடுவே வைத்து வைஸில் இறுக்கி, பிளைவுட்டோடு சேர்த்தே அறுக்கவேண்டும். நகை வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் மெல்லிய ரம்பப் பிளேடு இதற்கு ஏற்றது. ஹேக்சாவில் காடி ஒரு மி.மீ. அகலமாகிக் கூடு ஆடும். தூசி மூக்கில் போகாமல் மாஸ்க் போட்டுக்கொள்ளவும்.

ஒவ்வொரு துண்டிலும் நடுக்கோட்டில் 45 மி.மீ. நீளக் காடி ஒன்று. ஒன்றில் முன்பக்கத்திலிருந்து, மற்றதில் பின்பக்கத்திலிருந்து. இரண்டையும் கோத்தால் நான்கு கைகள் கொண்ட கூடு கிடைக்கும். அடுத்து சுருள் உட்காரும் பள்ளங்கள்: 4 மி.மீ. அகலம், 5 மி.மீ. ஆழம், 10 மி.மீ.க்கு ஒன்று. எல்லாக் கையிலும் ஒரே இடத்தில் வெட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. சுருள் திருகாணி போல முன்னேறிப் போகிறது. கால் சுற்றுக்கு 2.5 மி.மீ. நகரும். முதல் கையில் 10, 20 என்று 80 வரை எட்டுப் பள்ளங்கள். இரண்டாம் கையில் 12.5-இல் தொடங்கி ஏழு, மூன்றாவதில் 15-இல் தொடங்கி ஏழு, நான்காவதில் 17.5-இல் தொடங்கி ஏழு. மூன்றாம் கை முதல் கைக்கு எதிர்ப்புறம், அதாவது ஒரே துண்டின் மறு விளிம்பு. வெட்டுமுன் பென்சிலால் கைகளுக்கு எண் போட்டுவிடவும். பள்ளத்தின் அடி வட்ட அரத்தால் வளைவாக இருக்கட்டும். மூலை கூர்மையாக இருந்தால் அங்கிருந்துதான் ஏடு பிரியும்.

சுருள்

3 மி.மீ. கம்பியின்மேல் நெருக்கமாகச் சுற்றவும். ஏறக்குறைய 690 சுற்று வரும், நீளம் 22 செ.மீ. கை துரப்பணத்தில் கம்பியை மாட்டி மெதுவாகச் சுற்றினால் அரை மணி நேர வேலை. சுற்றி முடித்ததும் கையை விட்டுவிடாதீர்கள். நிக்ரோம் ஸ்பிரிங் போல அவிழ்ந்து துள்ளும். பிறகு இரண்டு முனையையும் பிடித்து 65 செ.மீ.க்கு இழுக்கவும். இதுதான் முழு வேலையிலும் நிதானம் வேண்டிய இடம். ஒரே இழுப்பாக இழுத்தால் நடுவில் அகலமாகவும் ஓரத்தில் நெருக்கமாகவும் நிற்கும். நெருக்கமாக நிற்கும் இடம் தன் சூட்டிலேயே வேகும். முதலில் சிவப்பது அங்கே, அறுவதும் அங்கே. நான்கு பாகமாக அடையாளமிட்டு ஒவ்வொரு பாகத்தையும் 16 செ.மீ.க்குச் சற்று மேல் இழுத்தால் சீராக வரும்.

கூட்டின் பள்ளங்களில் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு 95 மி.மீ. செலவாகும். 65 செ.மீ. ஏழு சுற்றுக்குச் சற்றுக் குறைவு, அந்தக் குறை லேசான இழுவையாக நிற்கும். அந்த இழுவை இருக்கவேண்டும், இல்லையென்றால் சூட்டில் தொய்ந்து பக்கத்துச் சுற்றைத் தொடும்.

முனைகளை இரட்டையாக மடித்து முறுக்கவும். முறுக்கிய பகுதியில் ரெசிஸ்டன்ஸ் பாதி, அதனால் சூடும் பாதி, டெர்மினல் பிழைக்கும். நிக்ரோமில் ஈயம் பிடிக்காது, பிடித்தாலும் அந்தச் சூட்டில் உருகி ஓடும். பின்பக்கத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி இரண்டு கைகளில் 3.2 மி.மீ. துளை போட்டு, ஸ்டெயின்லெஸ் எம்3 ஸ்க்ரூவில் இரண்டு வாஷருக்கு நடுவே கம்பியைச் சுற்றி இறுக்கவும். மைக்கா நேரடியாக இறுக்கம் தாங்காது என்பதால் போர்டின் இரு பக்கமும் அகல வாஷர். மேலே ஒரு ஸ்பிரிங் வாஷர்.

ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. சுருளின் முன்முனை காற்று வெளியேறும் பக்கம் முடிகிறது, டெர்மினலோ பின்பக்கம். திரும்பி வரும் கம்பி முழுச் சூட்டையும் கடந்து வரவேண்டும், பக்கத்திலேயே முழு 230 வோல்ட் வித்தியாசத்தில் சுருள். சிலிக்கோன் ஸ்லீவ் இங்கே நாளைக்கே பொடியாகும். எடையைக் குறைக்கப் புறப்பட்டாலும் இந்த இடத்தில் பீங்கானே சரி: இஸ்திரிப் பெட்டிக்குள் பார்த்திருப்பீர்களே, அந்தச் சின்ன மணிகள். முறுக்கிய கம்பியில் நெருக்கமாகக் கோத்து, கூட்டின் நடு மூலையை ஒட்டிக் கொண்டுவந்தால் சில கிராம்தான் கூடும். மணிகள் ஒன்றோடொன்று குழியும் குமிழுமாகப் பொருந்தும் ரகமாக இருக்கட்டும். தட்டை முகமுள்ள மணி வளைவில் வாய் திறந்து கம்பியைக் காட்டும்.

வெளிச் சுற்று, குழாய், ஃபியூஸ்

0.3 மி.மீ. மஸ்கோவைட் ஷீட்டை 144 × 100 மி.மீ. வெட்டி, கூட்டைச் சுற்றி 41 மி.மீ. உள்விட்டக் குழலாக உருட்டவும். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி 15 மி.மீ. தாள் ஒரு பக்கமாக வளையும்போது சிடுசிடுவென்று சத்தம் கேட்டால் நிறுத்தவும். ஷீட்டைத் திருப்பி மறு திசையில் உருட்டினால் வளைந்து கொடுக்கும். வெளியே 44 மி.மீ. உள்விட்ட மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாய், அதற்குக் கட்டாயம் எர்த். முன்பக்கம் குழாயில் மூன்று இடத்தில் உள்நோக்கித் தட்டிவிட்டால் கூடு வெளியே வராது.

இந்தப் பொருத்தத்தில் பலர் ஃபயர் கிளேயும் சோடியம் சிலிக்கேட்டும் குழைத்துப் பூசி ஒட்டுவார்கள். காய்ந்ததும் கல் போல இருக்கும். மழைநாளில் ஸ்விட்சைப் போட்டதும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழும். சோடியம் சிலிக்கேட் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரத்தில் அதிலுள்ள சோடியம் அயனிகள் கடத்தும். நன்றாகச் சூடேறினாலும் அதே அயனிகள் நகரத் தொடங்கும். கண்ணாடியே செஞ்சூட்டில் கடத்தி ஆகிவிடுவது இதனால்தான். உயிர்க்கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே இந்தக் கலவை வரவே கூடாது. மைக்கா தானே பொருந்தி நிற்கும்படி வெட்டுங்கள், பசை தேவைப்படாது.

தெர்மல் ஃபியூஸ் 10 ஆம்பியர், 250 வோல்ட், 150 முதல் 170 டிகிரிக்குள். வைக்கும் இடம் ஃபேனுக்கும் சுருளுக்கும் நடுவே. ஓடும்போது அங்கே குளிர்ந்த காற்றுதான். ஃபேன் நின்றால்தான் சூடு பின்னோக்கி வந்து அதைத் தொடும். முன்பக்கம் வைத்தால் முதல் நிமிடத்திலேயே போய்விடும். இதையும் சால்டர் செய்யக் கூடாது, இரும்பின் சூட்டிலேயே அறுந்துவிடும். கிரிம்ப் செய்யவும், அதாவது உலோகக் குழலில் வைத்து நசுக்கி இணைக்கவும். ஃபியூஸிலிருந்து ஸ்விட்ச் வரை 0.75 சதுர மி.மீ. சிலிக்கோன் வயர். ஸ்விட்ச் வயரிங் ஃபேன் ஓடாமல் ஹீட்டர் ஓட முடியாதபடி இருக்கட்டும்.

முதல் சூடு

மின்சாரம் கொடுக்குமுன் சுருளின் ரெசிஸ்டன்ஸ் 100 முதல் 103 ஓம் இருக்கிறதா பார்க்கவும். 95-க்குக் கீழே என்றால் எங்கோ இரண்டு சுற்று தொட்டுக்கொண்டிருக்கிறது. சுருளுக்கும் குழாய்க்கும் 500 வோல்ட் மெக்கரில் பல பத்து மெகா ஓம் காட்டவேண்டும்.

முதல் சூட்டில் போர்டிலுள்ள சிலிக்கோன் பிசின் புகையும். வெட்டவெளியில், பாதிச் சக்தியில் தொடங்கவும். அதற்கு 3 ஆம்பியர் 1000 வோல்ட் டையோடு ஒன்றைச் சீரியலில் போட்டால் போதும், 250 வாட் ஆகிவிடும். ஃபேன் முழு வேகத்தில் பத்து நிமிடம், பிறகு டையோடை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம். புகை நின்றுவிடும், கம்பி தொட்ட இடங்களில் மைக்கா வெளுத்திருக்கும். பயப்படவேண்டாம், பிசின் போன இடம் அது. மின்காப்பு குறையவில்லை, பலம் மட்டும் குறைந்திருக்கிறது. இதற்குப் பிறகு சுருளைக் கழற்றி மாட்டினால் பள்ளத்தின் விளிம்பு உதிரும். அதனால் திருத்தவேண்டியதை எல்லாம் புகை போடுமுன் திருத்திவிடவேண்டும்.

இருட்டில் ஓரமாக நின்று குழாயின் வாய்க்குள் பார்க்கவும். முழுச் சக்தியில் முன்பக்கச் சுற்றுகள் மங்கலாகத் தெரியலாம். ஒரு இடம் மட்டும் பளிச்சென்று சிவந்தால் இழுவை சீராக இல்லை. எல்லாமே சிவந்தால் காற்று போதவில்லை.

சூடாக இருக்கும்போதே, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெக்கரை இன்னொரு முறை வைக்கவும். குளிர்ந்தபோது காட்டியதைவிடக் குறைவாகவே காட்டும். 2 மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் கருவியைக் கையில் எடுக்கவேண்டாம். கசிவுக் கரண்ட் அளக்கும் வசதி இருந்தால், எர்த் உள்ள கைக்கருவிக்கு 0.75 மில்லி ஆம்பியர்தான் எல்லை. மணிகளின் இடைவெளியும், டெர்மினல் ஸ்க்ரூவின் மறுமுனை குழாயைத் தொடுகிறதா என்பதும்தான் முதலில் சந்தேகிக்கவேண்டியவை. ஸ்க்ரூ முனைக்கும் குழாய்க்கும் குறைந்தது 8 மி.மீ. இடைவெளி விட்டிருக்கவேண்டும்.

அணைக்கும்போது ஹீட்டரை முதலில் நிறுத்தி, ஃபேனை இரண்டு நிமிடம் ஓடவிடவும். பத்து மணி நேரம் ஓடியபின் பின்மூடியைக் கழற்றி இரண்டு எம்3 நட்டுகளையும் ஒரு கால் திருப்பு இறுக்கிப் பார்க்கவும். பிசின் போன மைக்கா ஒருமுறை அமுங்கும். அந்த ஒருமுறைக்குப் பிறகு அது அசையாது.